ஒரே கடல், பல கூட்டங்கள்: கரையோர உயிர்களின் மரபணு எல்லைகள்

(மேட்டுப்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். உரையின் நடுவே காட்டிய படங்களும் சில கிளைப்பேச்சுகளும் நீக்கப்பட்டுள்ளன.)



தலைப்பைச் சொன்னபோது ஏற்பாட்டாளர்களில் ஒருவர், "ஐயா, நீலகிரி அடிவாரத்துக்கு வந்து கடலைப் பற்றிப் பேசினால் கேட்பார்களா?" என்று தயங்கினார். அவர் தயக்கத்தில் தவறில்லை. இங்கே கடல் என்றால் விடிகாலையில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மத்தியும் சங்கராவும்தான். ஆனாலும் இந்தத் தலைப்பை இந்த ஊரில் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம் வனக் கல்லூரி. தமிழ்நாட்டுக் கரையில் அலையாத்திக் காடுகளை நட்டு வளர்க்கும் வனத்துறையினரில் பலர் இந்த ஊரில் படித்தவர்கள். ஒரு மரக்கன்றை எந்த விதையிலிருந்து எடுப்பது என்ற கேள்வியை இந்த ஊர் அளவுக்குப் பழகிய ஊர் தமிழ்நாட்டில் குறைவு. கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவது காரணம் பவானி. இந்த ஆற்றின் விலாங்கு ஆற்றில் முட்டையிடுவதில்லை. கடலில் பிறந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சாகக் கரைக்கு வந்து, ஆறேறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிற உயிர் அது. பவானிசாகர் அணை 1955இல் எழுந்த பிறகு அதன் பாதை அடைபட்டது. கடல்வாழ் உயிரின் கதை கரையோடு முடிவதில்லை என்பதற்கு நம் ஆறே சான்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் எல்லைகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வோர் உயிருக்கும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. மாவட்டம், மாநிலம், கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று நாம் போட்ட கோடுகளோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆகவே கடலிலிருந்து எடுக்கும்போதும் கடலுக்குள் எதையேனும் விடும்போதும் அந்த எல்லைகளைக் கேட்டறிந்துதான் செய்ய வேண்டும். இதை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பேசுகிறேன்.

1. கூட்டம் என்பது என்ன?

உயிரியலில் இனம் என்பது ஒரு பெரிய வட்டம். அதற்குள் தமக்குள்ளேயே கூடிப் பெருகும் சிறு வட்டங்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டங்கள் என்று சொல்லுகிறேன். காங்கேயம் மாடும் பர்கூர் மாடும் ஒன்றோடொன்று கூடினால் கன்று போடும். இனத்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பர்கூர் மலையின் காளை மலையிலும் காங்கேயத்துக் காளை சமவெளியிலும் தலைமுறை தலைமுறையாக நின்றதால், நிறமும் உடற்கட்டும் குணமும் வேறாகி, பார்த்தவுடன் சொல்லிவிடும் அளவுக்குப் பிரிந்துவிட்டன. கடலிலும் இதுவே நடக்கிறது. அங்கே காளையை நிறுத்தி வைக்க ஆள் இல்லை. நீரோட்டமும் ஆழமும் வெப்பநிலையும் அந்த வேலையைச் செய்கின்றன.

பிரிவு எவ்வளவு என்பதை அளக்க அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் ஓர் அளவுகோல் தந்தார். எஃப்.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டு கூட்டங்களில் மரபணு வகைகள் ஒரே விகிதத்தில் இருந்தால் அதன் மதிப்பு 0. ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத ஒரே வகையை மட்டும் கொண்டிருந்தால் 1. உலகெங்கும் நடந்த மீன் ஆய்வுகளைத் தொகுத்து வார்டும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் ஒரு சராசரி கொடுத்தார்கள். நன்னீர் மீன்களுக்கு 0.222. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வலசை போகும் மீன்களுக்கு 0.108. கடல் மீன்களுக்கு வெறும் 0.062.

ஆற்று மீன் ஆற்றுக்குள் அடைபட்டது; கடல் மீனுக்கு அப்படி அடைப்பு இல்லை. இதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. காவிரி வடிநிலத்தில் மட்டும் வாழும் கூன்முதுகு மஹ்சீர் மீனின் அறிவியல் அடையாளம் நெடுங்காலம் குழப்பத்தில் இருந்தது. 2018இல்தான் அது டோர் ரேமாதேவி என்று உறுதியானது. அந்த ஆய்வுக்குக் கைகொடுத்த ஆறுகளில் ஒன்று, பவானிசாகரில் பவானியோடு கலக்கும் மாயாறு. இன்று அந்த மீன் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் செம்பட்டியலில் உள்ளது. காவிரியில் பெரிய மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு வேறு வடிநிலத்தைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து பல ஆண்டுகள் விட்டார்கள். ஊர்க்காரன் இடத்தை வந்தவன் பிடித்துக்கொண்டான் என்பது அதன் சரிவுக்கான காரணங்களுள் முக்கியமானது.

ஆற்றில் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிந்தது. கடலில் அதே தவறு நடந்தால் தெரிய நாளாகும். ஏனென்றால் 0.062 என்ற சிறிய எண்ணைப் பார்த்து, கடலில் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதுதான் இனி வரும் கூறுகள்.

2. எல்லையைத் தீர்மானிப்பது குஞ்சுப் பருவம்

கரையோர உயிர்களில் பல, வளர்ந்த பிறகு அதிகம் நகர்வதில்லை. முத்துச்சிப்பி கடலடித் திட்டான பாரில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே இருக்கும். நண்டும் இறாலும் ஓரளவு நகரும். இவை ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தில்தான். முத்துச்சிப்பியின் முட்டை நீரிலேயே கருவுற்று, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு மூன்று வாரம் போல் நீரோட்டத்தில் மிதந்து, பிறகு பாறையில் ஒட்டும். மூன்று வாரத்தில் நீரோட்டம் அதை எங்கு வேண்டுமானாலும் கொண்டு சேர்க்கலாம்.

இதற்கு நேர் எதிர் சங்கு. மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பவர்கள் எடுக்கும் நம் சங்கு, டர்பினெல்லா பைரம், முட்டைகளை நீரில் சிதறவிடுவதில்லை. ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு, ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிய ஒரு கூட்டை அடிப்பக்கம் மணலில் புதையும்படி ஊன்றிவைக்கிறது. கூட்டின் உள்ளே அடுக்கடுக்காக அறைகள். குஞ்சுகள் அந்த அறைக்குள்ளேயே ஓடு கட்டி வளர்ந்து, சின்னஞ்சிறு சங்காகவே வெளியே ஊர்ந்து வருகின்றன. மிதக்கும் பருவமே கிடையாது. தாய் வாழ்ந்த மணலில்தான் பிள்ளையும் வாழும். ஆகவே ஒரு சங்குப்பாரை வழித்து எடுத்துவிட்டால், அடுத்த பாரிலிருந்து குஞ்சு மிதந்து வந்து நிரப்பும் என்று காத்திருக்க முடியாது. 57 மில்லிமீட்டர் வளையத்தில் நுழைந்து விழும் சிறிய சங்கை உயிரோடு கடலிலேயே திருப்பிவிட வேண்டும் என்று பழைய சங்குத்துறை வைத்த விதி எத்தனை பொருத்தமானது என்று இப்போது தெரியும்.

இரண்டு உயிர், ஒரே வளைகுடா. ஒன்றுக்கு எல்லை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். மற்றதற்கு அடுத்த பாரிலேயே இருக்கலாம். ஒரு வரைபடத்தில் ஒரே கோடு போட்டு இருவரையும் ஆள முடியாது.

மிதக்கும் குஞ்சுக்கும் திசை உண்டு. நம் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் ஓடுவதில்லை. கோடையில் வடக்கு நோக்கி வலுவாக ஓடும். அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். மார்ச்சில் முட்டையிடும் உயிரின் குஞ்சு ஆந்திரக் கரைப்பக்கம் போகலாம். நவம்பரில் முட்டையிடுவது தென்முனைப் பக்கம் வரலாம். எப்போது முட்டையிடுகிறது, குஞ்சு எத்தனை நாள் மிதக்கிறது, அந்த நாட்களில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் எல்லை.

3. எல்லைக்கு வயது உண்டு

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் ஆழத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அப்படியானால் அன்று பாக் விரிகுடா என்று ஒன்று இல்லை. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நிலம். இன்று அங்கே வாழும் கடற்புல், கடற்பசு, சங்கு, இறால் எல்லாமே கடல் மேலேறிய பிறகு தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ குடியேறியவை. அக்குடியேற்றத்துக்கு வயது பத்தாயிரம் ஆண்டுக்குள்.

மன்னார் வளைகுடாவின் கதை வேறு. அதன் வெளிப்பக்கம் சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது. கடல் வற்றிய காலத்திலும் அங்கே ஒதுங்க இடம் இருந்தது. இராமேசுவரத்தில் நின்றால் வலப்பக்கம் ஒரு கடல், இடப்பக்கம் ஒரு கடல் என்று நாம் காண்பது, பழைய வீட்டையும் புதுக்குடியிருப்பையும் சேர்த்துக் காண்பது. மரபணு ஆய்வாளன் அங்கே தேடுவது, குடிவந்தவை கொண்டுவந்த வகைகள் எத்தனை, வழியில் இழந்தவை எத்தனை என்ற கணக்கை.

எல்லை எல்லாம் பழைய கடல்மட்டம் போட்டதல்ல, இன்றைய நீரோட்டம் போடுவதும் உண்டு என்பதை அலையாத்தி மரங்கள் சொல்லும். தென்கிழக்காசியாவில் ரைசோபோரா மியூக்ரோனேட்டா மரத்தை ஆராய்ந்து 2014இல் வந்த ஒரு கட்டுரை, மரங்களைப் பிரிப்பது நிலம் அல்ல, நீரோட்டமே என்று காட்டியது. அந்தமான் கடல் பக்கத்து மரங்களும் மலாக்கா நீரிணை மரங்களும் ஒரே கரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவே மலையோ நிலத்துண்டோ இல்லை. ஆனாலும் மரபணுவில் தெளிவான பிரிவு. அங்கே சந்திக்கும் நீர்த்தொகுதிகள் மிதக்கும் முளைகளைத் தாண்டவிடுவதில்லை.

4. வடிவத்தை நம்பி ஏமாறக் கூடாது

சென்னை மாகாணத்தில் முத்து, சங்கு மீன்பிடிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் நம் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். சங்கு வணிகர்கள் மன்னார் வளைகுடாச் சங்கை ஜாதி என்றும், பாக் விரிகுடாச் சங்கைப் பட்டி என்றும் பிரித்து விலை வைத்தார்கள். ஒன்று கட்டையாகக் கனத்திருக்கும். மற்றது நீண்டு ஒல்லியாக இருக்கும். வளையல் அறுப்பவருக்கு இந்த வேறுபாடு பணம். உயிரியலாளருக்கு இது ஒரு துப்பு, அவ்வளவுதான். ஓட்டின் வடிவத்தை மணலும் உணவும் வளரும் வேகமும்கூட மாற்றும். வடிவம் வேறுபட்டால் மரபணு வேறுபட்டிருக்கும் என்று அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

பிச்சாவரத்து அலையாத்திக் காடு இன்னொரு பாடம். படகுக்காரர்கள் சுரபுன்னை என்று காட்டும் மரங்களுக்கிடையே, இலையிலும் பூக்கொத்திலும் இரண்டு ரைசோபோரா இனங்களுக்கு இடைப்பட்ட தோற்றமுள்ள மரம் ஒன்று நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கதிரேசன் அதைக் கவனித்து 1995இல் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். அது புது இனமா, கலப்பா? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு 1997இல் விடை சொன்னார்கள். அது ரைசோபோரா அபிகுலேட்டாவும் ரைசோபோரா மியூக்ரோனேட்டாவும் சேர்ந்த கலப்பு. ஓங்கி வளரும், காய் பிடிப்பது அரிது. நாற்றங்காலுக்கு முளை பொறுக்கப் போகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். செழிப்பாக நிற்கிறது என்பதற்காக ஒரு மரம் நல்ல விதைத்தாய் ஆகிவிடாது.

மூன்றாவது, பங்குனி ஆமை. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் அவை லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடுகின்றன. சென்னையிலும் நாகையிலும் ஒன்றொன்றாக இரவில் வந்து போகின்றன. பழக்கமே இவ்வளவு வேறாக இருந்தால் இரண்டும் வேறு கூட்டங்கள்தானே? இல்லை. கடலாமை ஆய்வாளர் கார்த்திக் சங்கரும் அவருடன் ஐதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையத்தினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டமாக முட்டையிடும் ஆமைகளுக்கும் தனியாக முட்டையிடும் ஆமைகளுக்கும் மரபணுவில் வேறுபாடு தென்படவில்லை. கிழக்குக் கரை முழுவதும் ஒரே கூட்டம். அதே சமயம் பிற பெருங்கடல்களின் ஆமைகளிலிருந்து இது தெளிவாக வேறு. அந்த இனத்தின் மிகப் பழைய வழிமரபு இந்தியக் கரையில்தான் இருக்கிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

இதன் பொருளை 2025 ஜனவரி நமக்குக் கசப்பாகப் புரியவைத்தது. சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அது சென்னையின் இழப்பு மட்டும் அன்று. ஒடிசா கொண்டாடும் கூட்டமும் நம் கரையில் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்த கூட்டமும் ஒன்றே.

5. மரபணு ஒன்று என்றால் மீன்வளம் ஒன்று என்று பொருளல்ல

இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சூவல் ரைட்டின் கணக்கில் ஒரு வியப்பு உண்டு. இரண்டு கூட்டங்கள் மரபணு வழியில் வெகுவாக விலகாமல் இருக்க, ஒரு தலைமுறைக்கு ஓரிரு வந்தேறிகள் வந்து கூடினால் போதும். லட்சம் மீன் உள்ள கூட்டத்துக்கும் அதே ஓரிரண்டுதான்.

இப்போது யோசியுங்கள். கன்னியாகுமரி மீனும் கடலூர் மீனும் மரபணுவில் ஒன்று என்று ஆய்வு சொல்லுகிறது. அதைக் கேட்டுக் கடலூரில் அளவின்றிப் பிடித்துவிட்டு, கன்னியாகுமரியிலிருந்து வந்து நிரப்பிவிடும் என்று இருந்தால்? தலைமுறைக்கு ஒன்றிரண்டு மீன் வந்தால் மரபணு ஒன்றாக இருக்கும், வலை நிறையாது. மரபணுத் தொடர்பு வேறு, எண்ணிக்கையை ஈடுசெய்யும் தொடர்பு வேறு. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதை அனுமானிப்பது மீன்வள நிர்வாகத்தில் உலகெங்கும் நடந்திருக்கும் பிழை.

மறுபக்கமும் உண்டு. சராசரியில் ஒன்றாகத் தெரியும் மீனுக்குள் சில மரபணுக்கள் மட்டும் இடத்துக்கேற்ப மாறியிருக்கலாம். உங்கள் சந்தைக்கு வரும் மத்தியையே பாருங்கள். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2023இல் வெளியிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள், 46,316 புரத மரபணுக்கள். அதற்கு முன்பே, 2021இல், அதே நிலையத்தின் ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலின் பல பகுதிகளிலிருந்து மத்தியைத் திரட்டி மரபணு முழுவதிலும் சிதறிக் கிடக்கும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டார்கள். ஓமான் வளைகுடாவின் மத்தி மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரிந்தது. அங்கே நீர் வேறு, உப்பு வேறு, வெப்பம் வேறு. நம் கரையோர மத்திகளுக்குள் அவ்வளவு பெரிய பிளவு இல்லை.

அதனால் நிம்மதி அடையலாமா? கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். மரபணு ஒற்றுமை அந்தச் சரிவைத் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லித்தருகிறது. ஒரு மாநிலம் குஞ்சு மத்தியைத் தீவனத் தூளுக்குப் பிடித்தால், பக்கத்து மாநிலம் தாய் மத்தியைக் காப்பதால் முழுப்பயன் வராது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் இரு பாதியும் இருவேறு தடைக்காலத்தில் வருகின்றன. ஒரு பக்கம் படகு கரையில் நிற்கும்போது மறுபக்கம் கடலுக்குப் போகலாம். மீன் அந்த முனையில் நின்று தேதி பார்ப்பதில்லை. தடைக்காலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மீனுக்கு எந்தத் தேதி என்று கேட்க இப்போது கருவி இருக்கிறது என்கிறேன்.

அந்தக் கருவி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மீன் இறங்குதளத்தில் ஒரு மீனின் துடுப்பு நுனியில் நகக்கண் அளவு வெட்டி, 95 சதவீத எத்தனால் உள்ள குப்பியில் போட வேண்டும். குப்பியின் மேல் மீனின் பெயர், பிடித்த தேதி, படகு வலை போட்ட இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும்; மையால் எழுதினால் எத்தனால் சிந்தி அழிந்துவிடும். மூன்றாவது விவரம்தான் உயிர். சந்தையில் வாங்கிய மீனின் டி.என்.ஏ. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எங்கே பிடித்தது என்று தெரியாவிட்டால் எல்லை வரைய அது உதவாது.

6. எண்ணிக்கை பெருகும்போது வகை குறையலாம்

குறைந்துவிட்ட உயிரைப் பொரிப்பகத்தில் பெருக்கிக் கடலில் விடுவது இன்று நாட்டின் கொள்கையாகவே இருக்கிறது. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பச்சைவரி இறால் குஞ்சுகளை லட்சலட்சமாகக் கடலில் விட்டுவருகிறது. மீனவர் நலனுக்கான நல்ல முயற்சி. அதைச் செய்யும்போது பார்க்க வேண்டிய ஒரு கணக்கை மட்டும் இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு தாய் இறால் ஒரு தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே ஒரு கோடி குஞ்சுக்கு நூறு தாய்கூடத் தேவைப்படாமல் போகலாம். 1991இல் ரைமன், லைக்ரே என்ற இருவர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். கற்பனையாக எண் வைத்துக்கொள்வோம். இயற்கையில் மரபணு வழியில் கணக்கில் வரும் இனப்பெருக்க உயிர்கள் 1,000. பொரிப்பகத்தில் தாயும் தந்தையுமாக 20. அடுத்த தலைமுறையில் பாதி இயற்கையின் பிள்ளைகள், பாதி பொரிப்பகத்தின் பிள்ளைகள் என்றால், முழுக்கூட்டத்தின் கணக்கு 1,020 ஆகாது, 78க்கு இறங்கிவிடும். ஏனென்றால் கடலில் நீந்துகிறவற்றில் பாதி, இருபது பேரின் குடும்பம். தலை எண்ணினால் கூட்டம் பெருகியிருக்கும். வகை எண்ணினால் சுருங்கியிருக்கும். நோயோ வெப்பமோ வந்தால் தாங்குவதற்குத் தேவை இரண்டாவது எண்.

பண்ணைக் குளத்தில் இது வேறுமாதிரி. 2009இல் நம் நாட்டில் வன்னாமை இறால் அனுமதிக்கப்பட்டது. அதன் தாய் இறால்கள் வெளிநாட்டு இனப்பெருக்க நிலையங்களிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தப்பட்டு, பிறகு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. அங்கே வேண்டியது சீரான வளர்ச்சி. வகை குறைந்திருப்பது வணிகத்துக்கு உதவுகிறது. கடலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே கடலில் விடும் குஞ்சுக்கு நான் கேட்பவை மூன்று. தாயும் தந்தையும் விடப்போகும் கடற்பகுதியிலேயே பிடித்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அவற்றை மாற்ற வேண்டும். எத்தனை தாய், எத்தனை தந்தை என்ற எண்ணை, எத்தனை குஞ்சு விட்டோம் என்ற எண்ணோடு சேர்த்தே வெளியிட வேண்டும். செய்தித்தாளில் வருவது குஞ்சுகளின் எண் மட்டும். எனக்குத் தாய், தந்தை எண்களும் வேண்டும்.

இனி இந்த ஊர் செய்யக்கூடியது

இவ்வளவும் சொன்ன பிறகு, மேட்டுப்பாளையத்து மாணவர்களிடம் நான் கேட்பது அலையாத்தியைப் பற்றி. ஒன்றிய அரசின் மிஷ்டி திட்டம், தமிழ்நாடு அரசின் நெய்தல் மீட்சி இயக்கம் ஆகியவற்றின் கீழ் நம் கரையில் வரும் ஆண்டுகளில் அலையாத்தி பெருமளவில் நடப்படும். முத்துப்பேட்டையில் பெரும்பகுதி வெண்கண்டல். பிச்சாவரத்தில் அதோடு சுரபுன்னையும் கலந்து நிற்கும். பிச்சாவரத்தில் முளை எளிதாகக் கிடைக்கிறது என்று லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கோ இராமநாதபுரத்துக்கோ கொண்டுபோய் நட்டால், ஆயிரம் ஆண்டு நீரோட்டம் செய்யாத வேலையை ஒரே இரவில் லாரி செய்துவிடும். வந்தது பிழைக்காமல் போகலாம். பிழைத்து, உள்ளூர் மரத்தோடு கலந்து, உள்ளூர் உப்புக்கும் வறட்சிக்கும் பழகிய வகையைக் கரைத்துவிடவும் செய்யலாம்.

தேக்கு விதை நிலம்பூரிலிருந்து வந்ததா, டாப்சிலிப்பிலிருந்து வந்ததா என்று கேட்காமல் இங்கே யாரும் கன்று நடமாட்டீர்கள். விதை மூலம் தெரியாத கன்று உங்கள் கல்லூரி வாசலைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். அலையாத்தி நாற்றங்கால் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். எந்தக் கழிமுகத்தில், எந்த மாதத்தில், எத்தனை தாய் மரங்களிலிருந்து முளை பொறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். நாலைந்து தாய் மரத்தின் அடியில் குனிந்து கூடை நிரப்புவதை விட்டு, கழிமுகம் முழுவதும் நடந்து, ஒரு மரத்துக்குச் சில முளை என்று ஐம்பது அறுபது மரத்திலிருந்து எடுங்கள். ஒவ்வொரு தாய் மரத்திலிருந்தும் ஓர் இலையை உலர்த்திக் காகித உறையில் வைத்தால், பத்தாண்டு கழித்து வருகிற ஆய்வாளர் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, நட்ட காடு எங்கிருந்து வந்தது, எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று சொல்லிவிட முடியும்.

இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகமும் சில காகித உறைகளும். ஆய்வுக்கூடம் கோவையிலேயே இருக்கிறது. அடுத்து கடற்கரைக்கு நடவுக்குப் போகும் மாணவர் குழு அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டால், இந்தச் சொற்பொழிவுக்கு நான் வந்த பயன் கிடைத்துவிடும்.